நீ அனுப்பிய கேமராவும் என் வலப்பக்கமும்

ஸோம்பா,
ஜூன் 14, சனிக்கிழமை.

அன்பு மகள் தமாண்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், கோழிகளில் ஒன்று தவிர மற்றவையும் நலம், நீ அங்கே அபெர்டீன் குளிரில் கைகால் விறைக்காமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் கடவுளிடம் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இங்கேயும் சிபெரோனிக் குளிர்த் தூறல் தொடங்கிவிட்டது, நான்கு நாளாக மலை உச்சியைக் காணவில்லை. சோளம் அறுத்துக் களஞ்சியத்தில் ஏற்றியாகிவிட்டது, எலிகளுக்கும் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. முக்கியச் செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று முப்பத்தெட்டு வருடம் பத்திரிகையில் இளையவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான், அதனால் சொல்லிவிடுகிறேன். இம்மாதம் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நான் இந்த ஊரில் தொடர்ந்து குடியிருக்கலாமா, அல்லது பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமா என்று உன் தாய்மாமன் லாஸ்டன் வீட்டு முற்றத்தில் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் நான். சாட்சி நீ அனுப்பிய கேமரா.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தக் கேமரா மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தது. கூட வந்த தாளில் ஒருவன் மலையிலிருந்து தலைகீழாக விழுகிறான், சந்தோஷமாக விழுகிறான். இன்னொருவன் கடல் அலையின் வயிற்றுக்குள் நின்று சிரிக்கிறான். அப்பா, நீங்களும் ஏதாவது சாகசம் செய்து படம் பிடித்து அனுப்புங்கள் என்று நீ எழுதியிருந்தாய். அறுபத்தெட்டு வயதில் என் சாகசம் ஜூன் மாதக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது, அதைப் படம் பிடித்தால் உன் அம்மா அனுப்ப விடமாட்டாள். ஆகவே கேமராவுக்கு வீட்டிலேயே வேலை கொடுத்தேன். முதலில் கோழிக்கூட்டில் கட்டினேன். மூன்று வாரமாக முட்டை காணாமல் போய்க்கொண்டிருந்தது, உன் அம்மா பக்கத்து வீட்டு நாயைச் சந்தேகப்பட்டு நாயோடும் நாய்க்காரர்களோடும் பேச்சை நிறுத்தியிருந்தாள். இரண்டு மணி நேரம் கோழிகளின் பின்புறத்தைப் பார்த்த பிறகு உண்மை வெளிவந்தது. நம் கறுப்புக் கோழியே முட்டையிட்டு, திரும்பி நின்று, தானே கொத்திக் குடித்துக்கொண்டிருந்தது. உள் ஆள் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை அது சோளக்களிக்குத் துணையாகத் தட்டுக்கு வந்தது, நாயிடம் மன்னிப்புக் கேட்க உன் அம்மா இன்னும் போகவில்லை. பிறகு கேமராவை மீன்பிடி நரம்பில் கட்டி டார்ச்சோடு சேர்த்துக் கிணற்றுக்குள் இறக்கினேன். அறுந்து விழுந்த வாளி எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரிந்தது, கூடவே பிளாண்டயரிலிருந்து வீடு மாற்றும்போது நான் தொலைத்துவிட்டேன் என்று உன் அம்மா எட்டு வருடமாகச் சொல்லிவரும் என் நீல எனாமல் குவளையும் தெரிந்தது. குவளை கிணற்றுக்கு எப்படி நடந்து போனது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. மூங்கில் கழி நுனியில் கட்டிக் கூரைமேல் நீட்டினால் ஏணியே வேண்டாம், தகரத்தில் எந்த ஆணி துருப்பிடித்துத் தண்ணீர் விடுகிறது என்று கீழே நின்றே கண்டுபிடித்துவிடலாம். உன் அம்மாவும் ஒரு புதன்கிழமை அதைப் பாடகர் குழு ஒத்திகைக்கு எடுத்துப் போய் ஜன்னலில் வைத்தாள், சுருதி தப்பிப் பாடுவது யார் என்று கண்டுபிடிப்பதற்காக. கண்டுபிடித்ததை வெளியிட வேண்டாம் என்று கண்டுபிடித்தவளே முடிவு செய்துவிட்டாள்.

கடைசியில் அது என் சைக்கிள் கைப்பிடிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் கபாஸாக்காரர்கள். ஆள் ஏற்றும் அந்த மோட்டார் சைக்கிள்கள் நீ இருந்தபோது சாலையில் ஓடின, இப்போது சாலையிலேயே முளைக்கின்றன. ஒரு நொடி முன்பு இல்லாதது மறுநொடி என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஹாரன் அடிப்பதில்லை, அடித்தாலும் அதற்குள் முந்திப் போய்விடுகிறான். இதைப் பற்றி என் பழைய பத்திரிகைக்கு இரண்டு வாசகர் கடிதம் எழுதினேன், இரண்டையும் போட்டார்கள், மூன்றாவதற்கு ஆதாரத்தோடு போவோம் என்று மே 19-ஆம் தேதி கேமராவைச் சைக்கிளில் மாட்டினேன். தினமும் பதிவானதைத் தேதி போட்டு மடிக்கணினியில் சேர்த்து வைத்தேன்.

மே 28, புதன்கிழமை, லாஸ்டன் வந்தார். வந்தவர் உட்காரவில்லை, தேநீர் வேண்டாம் என்றார். உன் மாமா தேநீர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. "மச்சான், சித்தி என்கிட்ட வந்து முறையிட்டிருக்காங்க. ஞாயித்துக்கெழம கோயில் விட்டதும் வந்துடுங்க, தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சித்தி என்றது அபிதி ஜூமாவை. நீ போய் ஆறு வருடமாகிறது, மறந்திருப்பாய் என்பதால் எழுதுகிறேன். டவுனுக்குப் போகிற சாலையில் மேஜை போட்டு உசிப்பாக் கருவாடு விற்கிறாரே, அவர்தான், உன் அம்மாவின் அம்மாவுக்குக் கடைசித் தங்கை. என்னைவிட மூன்று வயது இளையவர், ஆனால் மாமியார், எனக்கு மிச்சமிருக்கும் ஒரே மாமியார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் மனைவியின் ஊரில் எதை வேண்டுமானாலும் கட்டலாம், எதுவும் அவனுடையதல்ல. நம் வழக்கத்தில் மண் தாய் வழியாகத்தான் போகும், இந்த வீடு நிற்கிற மண் உன் அம்மாவின் வம்சத்துடையது, உன்னுடையது, என்னுடையதல்ல. என் வம்சத்து மண் என் ஊரில் அக்காள் மகன்களிடம் இருக்கிறது, அதில் அவர்கள் புகையிலை போட்டிருக்கிறார்கள், புகையிலைக்கு நடுவே ஒரு கிழவனை நடும் திட்டம் அவர்களிடம் இல்லை. இங்கே மாப்பிள்ளை சோம்பேறியாக இருக்கலாம், குறட்டை விடலாம், மன்னிப்பு உண்டு. மாமியாரை வழியில் கண்டும் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிடாமல் போனால் மன்னிப்பு இல்லை. அப்படிப் போய்ப் பாயைச் சுருட்டியவர்கள் இந்தப் பக்கத்தில் இரண்டு பேர். அதில் ஒருவனைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன், கொஞ்சம் சிரிப்பாகத்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். நமக்கு நெருங்கிய உறவு ஏழெட்டுப் பேர், செய்தி கேட்டு வந்த நெருங்காத உறவு இருபது பேர். அபிதி ஜூமா என் பக்கம் திரும்பாமல் லாஸ்டனைப் பார்த்துப் பேசினார். "பதினோரு நாளு. எண்ணிக்கிட்டே வந்திருக்கேன். காலையில டவுனுக்குப் போறாரு, நான் மேஜைய விட்டு எழுந்து நிக்கிறேன், இவரு ராஜா மாதிரி மெதிச்சுக்கிட்டுப் போயிடறாரு. சாயந்திரம் திரும்பி வரும்போது மட்டும் எறங்குறாரு, முட்டிய மடக்குறாரு, கையத் தட்டி அத்தை சௌக்கியமாங்குறாரு. ஏன்? காலையில கருவாடு வேணாம், சாயந்திரம் வேணும். நான் இவருக்கு மாமியாரா, கருவாட்டுத் தட்டா?" கூட்டம் சிரித்தது, லாஸ்டன் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே அத்தை என்றேன். "கேளு லாஸ்டன், நான் கூப்பிடணுமாம். மாப்பிள்ளை பேரச் சொல்லி நடுரோட்டுல கூவணுமாம். அப்புறம் நானே முட்டி போட்டுக் கும்பிடட்டுமா?" என்றார். காலையோ மாலையோ அத்தையை அலட்சியம் செய்து போனதாக என் நினைவில் ஒரு நாள்கூட இல்லை என்று எழுந்து நின்று சொன்னேன், அது பொய்யில்லை. லாஸ்டன் உன் அம்மாவைப் பார்த்தார். "இவரு என்னையே காலையில கண்டுக்கறதில்லண்ணா" என்றாள். அன்று எனக்குக் கிடைத்த குடும்ப ஆதரவு அவ்வளவுதான்.

அப்போதுதான் நான் என் மடிக்கணினியைத் திறந்தேன். சரிபார்க்காத ஆதாரத்தோடு எங்கும் போய் நிற்காதே என்று எத்தனை பேரை அலுவலகத்தில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். அந்தப் பதிவுகளில் நான் பார்த்திருந்தது மோட்டார் சைக்கிள் வரும் இடங்களை மட்டும்தான், அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. ஆனாலும் என் நினைவின்மேல் அவ்வளவு நம்பிக்கை, இயந்திரம் பொய் சொல்லாது, பாருங்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தேன். இயந்திரம் பொய் சொல்லவில்லை. மே 20, செவ்வாய், காலை எட்டு பத்து. இடப்பக்கம் தையல்காரருக்காக இறங்குகிறேன், முட்டியை மடக்கி விசாரிக்கிறேன், அவர் மனைவியின் பல்வலியைக்கூட விசாரிக்கிறேன். மறுபடி ஏறி மிதிக்கிறேன். படத்தின் வலது ஓரத்தில், கேமராவின் லென்ஸ் எல்லாவற்றையும் வளைத்து உள்ளே இழுத்துப் போடுகிற விளிம்பில், நீலத் துணி கட்டிய அபிதி ஜூமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறார், நிமிர்ந்து நிற்கிறார், படத்தை விட்டு மறையும் வரை நின்றுகொண்டே இருக்கிறார். நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறேன். மே 21, அதே மேஜை, அதேபோல் எழுந்து நிற்கிறார், பாட்டு மட்டும் வேறு. மே 22-இல் பின்னாலிருந்து ஒரு கபாஸாவின் ஹாரன் கேட்கிறது, அது வலப்பக்கம் ஏறி வருவது எல்லோருக்கும் தெரிகிறது, நான் மட்டும் கடைசி நொடியில் துள்ளிச் சைக்கிளை வாய்க்காலுக்கு ஓட்டுகிறேன். "மூணு தரம் அடிச்சான் மச்சான், பாவம்" என்றார் லாஸ்டன். என் வாசகர் கடிதங்களை அவர் படித்திருந்தார்.

நான்காவது நாளை ஓட்ட வேண்டாம் என்று கை காட்டிவிட்டு லாஸ்டன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குப் பிறகு என்ன வரும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும், அவள் கை என் சட்டை நுனியைப் பிடித்தது, இந்த வயதில் அவள் பிடித்ததை நான் செய்தியாகக் கருதுகிறேன். அப்போது அபிதி ஜூமா, "இரு லாஸ்டன், மொதல் நாள மறுபடி ஓட்டு" என்றார். ஓட்டினேன். மேஜைக்கு நாலடி முன்னால், சாலையின் அதே பக்கம், யாரோ கட்டிய ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு என் சக்கரத்துக்கே வந்துவிடுகிறது, நான் கொஞ்சமும் விலகவில்லை, ஆடுதான் உயிர் பிழைக்கத் தாவுகிறது. "இவரு என்னை மட்டுமில்ல, அந்த ஆட்டையும் கண்டுக்கலையே" என்று சொல்லிக்கொண்டே எழுந்து என் பின்னால் வந்தார். "மாப்பிள்ளை, அசையாம நேராப் பாருங்க. லாஸ்டன் மூக்கப் பாருங்க." பார்த்தேன், பார்க்கும்படியான மூக்கு அல்ல. "என் கையில என்ன இருக்கு?" எந்தக் கையில் என்று கேட்டேன். "உங்க வலது காதுகிட்ட புடிச்சேன், இப்ப கண்ணத் தாண்டி வந்துட்டேன் மாப்பிள்ளை" என்றார். லாஸ்டன் மூக்கை மறைக்கும் அளவுக்கு வந்த பிறகுதான் அது தெரிந்தது. செருப்பு. அவருடைய இடது கால் செருப்பு. கருவாடாக இருந்திருந்தால் வாசனை காட்டிக்கொடுத்திருக்கும், கெட்டிக்காரி. அதை முதலில் எந்த நோக்கத்தோடு கழற்றினார் என்று நான் கேட்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பானைய ஒடைச்சாரு, வேலியில மோதினாரு, ஆளுங்களக் கண்டுக்காம போனாரு. நான் ரெண்டு வருசம் குடிகாரா குடிகாரான்னு திட்டினேன். அந்த மனுசன் தண்ணியத் தவிர எதையும் குடிச்சதில்ல. ரெண்டு கண்ணும் போனப்புறந்தான் எனக்குத் தெரிஞ்சுது." இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துச் சொன்னார், சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார். எனக்கு அப்போது மேஜையின் வலது ஓரத்திலிருந்து தாமாகவே விழுந்த தேநீர்க் கோப்பைகள் நினைவுக்கு வந்தன, வேண்டுமென்றே என் வலது தோளில் வந்து இடிக்கும் கதவு நிலை நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பாக்கியிருந்தது உன் அம்மாவை.

லாஸ்டன் செருமியதை வீணாக்க விரும்பவில்லை. "கண்ணு தெரியாதது குத்தமில்ல. ஆனா கும்பிடாதது கும்பிடாததுதான். சித்திக்கு ஒரு கோழி குடுக்கணும், வியாழக்கெழமைக்குள்ள கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். போகலைன்னா அன்னைக்கே பாயச் சுருட்டிக்கலாம்" என்றார். இத்தனை தெளிவான தீர்ப்பை நான் நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் கேட்டதில்லை. கோழி மறுநாளே போனது, முட்டை குடிக்காத கோழியாகப் பார்த்துக் கொடுத்தோம். வியாழக்கிழமை மினிபஸ்ஸில் பிளாண்டயர் போனோம். அங்கே ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கு என்றார்கள். நானும் அமுக்கினேன், ரொம்ப நேரம் புள்ளியே வராததால் இயந்திரம் பழுது என்று அந்தப் பெண்ணிடம் புகார் செய்தேன். பிறகு டாக்டர் தாளில் அச்சடித்துக் காட்டினார். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது தணிக்கைக்காரர் மை பூசி அனுப்பும் பக்கம் நினைவிருக்கிறது எனக்கு, அப்படியே இருந்தது, வலப்பக்கம் முழுக்கக் கறுப்பு. கிளாக்கோமா என்றார், கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பை மெல்ல அரிக்கும் நோய். வலக்கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, இடக்கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து அரிக்கத் தொடங்கியிருக்கிறது, வலி இருக்காது, போனது திரும்பாது, தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். எத்தனை வருடமாக என்று கேட்டேன், ஐந்தாறு வருடம் இருக்கலாம் என்றார். ஓய்வுபெற்ற பிறகும் மாதம் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன் அல்லவா, அதற்கு நானே வைத்த தலைப்பு 'நேரில் கண்டது'. அதில் 'பாதி' என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்லி ஆசிரியருக்கு எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

சைக்கிள் இப்போது உன் அம்மாவின் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. நான் நடக்கிறேன், பச்சோந்தி மாதிரி ஒவ்வொரு அடிக்கும் தலையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நடக்கிறேன். சொட்டு மருந்து விடும் பொறுப்பை உன் அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறாள், முதல் வாரம் பாதி மருந்து காதுக்குப் போனது, காது இப்போது பிரமாதமாகப் பார்க்கிறது. திங்கட்கிழமை டவுனுக்குப் போகும்போது பார்த்தால் அபிதி ஜூமா மேஜையைத் தூக்கிச் சாலைக்கு எதிர்ப்பக்கம் போட்டிருந்தார். இருபது வருடமாக ஒரே இடத்தில் இருந்த மேஜை. கேட்டதற்கு, "வெயிலு அந்தப் பக்கம் மூஞ்சில அடிக்குது மாப்பிள்ளை" என்றார். தூறல் காலத்தில் வெயில். நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார் என்பதால், அத்தை, காலையில் சரி, நான் திரும்பி வரும்போது நீங்கள் மறுபடி என் வலப்பக்கம் அல்லவா வருவீர்கள் என்று ஒரு தகவல் பிழையை மட்டும் சுட்டிக்காட்டினேன். கொஞ்ச நேரம் சாலையை மேலும் கீழும் பார்த்தார். "காலையில ஒரு தரம் ஒழுங்காக் கும்பிடுங்க போதும். சாயந்திரத்துக்கு லீவு" என்றார்.

கேமராவுக்கும் புது வேலை கிடைத்துவிட்டது. அதை என் தொப்பியில் மாட்டிவிட்டது உன் அம்மா. நான் திரும்பி வந்ததும் அவள் தேநீரோடு உட்கார்ந்து அன்றைய பதிவை ஓட்டிப் பார்த்து, நான் கண்டுகொள்ளாமல் கடந்து போனவர்களைப் பெயர் பெயராக எழுதுகிறாள். "பாதிரியார் வீட்டம்மா, சைக்கிள் கடைக்காரரு, கூடவே உங்க மச்சான் லாஸ்டன், நல்லா இருக்கு" என்று படித்துக் காட்டுகிறாள். மறுநாள் காலையில் நான் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய், நேற்று விட்டுப்போன கும்பிடு இது என்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். பத்திரிகையில் இதற்குத் திருத்தம் என்று பெயர், கடைசிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுவோம். முப்பத்தெட்டு வருடத்தில் நான் போட்டதைவிட அதிகத் திருத்தம் இந்தப் பத்து நாளில் போட்டிருக்கிறேன். மலை உச்சியிலிருந்து விழுகிறவனுக்கு இந்தக் கேமரா இவ்வளவு உபயோகமாக இருக்குமா என்று சந்தேகம்தான்.

இனி உன் விஷயம், இவ்வளவு எழுதியதே இதற்காகத்தான். டாக்டர் கடைசியாகக் கேட்டது எத்தனை பிள்ளைகள் என்று. ஒரே மகள் என்றேன். அவளும் சோதித்துக்கொள்ள வேண்டும், இது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடிய நோய் என்றார். எங்கள் வழக்கப்படி அவள் தன் அம்மாவின் வம்சம், வீடும் மண்ணும் அந்தப் பக்கத்திலிருந்துதான் அவளுக்குப் போகும், என்னிடமிருந்து எதுவும் வராது என்று விளக்கினேன். இது வரும் என்றார். ஆகவே மகளே, உனக்கு வேலை இருக்கும், சந்திப்பு இருக்கும், உன் கண் கழுகுக் கண்ணாக இருக்கும், என் கண்ணும் போன மாதம் வரை அப்படித்தான் இருந்தது. இந்தக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே போய்க் கண்ணின் நீர் அழுத்தத்தைச் சோதித்துவிட்டு, டாக்டர் சொன்ன எண்ணை எனக்கு எழுது. நன்றாக இருக்கிறது என்று எழுதாதே, எண்ணை எழுது. எழுதாவிட்டால் அபிதி ஜூமாவிடம் முறையிடுவேன், அவர் செருப்புக்கு அபெர்டீன் ஒன்றும் தூரமில்லை. கம்பளிச் சட்டையை மறக்காமல் போடு, வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய். நீ போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் உனக்குத் தெளிவாகத் தெரியட்டும், கடவுள் உன்னை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

திருத்தம்: இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் 'நானும் உன் அம்மாவும் நலம்' என்று இருப்பதை 'உன் அம்மா நலம், நான் இடப்பக்கம் நலம்' என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
லூஃபெயோ சிங்காய்பே